மெனுஹினும் ஹைஃபெட்ஸும்: கதையைக் கேட்பதா, இசையைக் கேட்பதா?

"இந்த மனிசன் என்னத்துக்கு நானா இப்புடி ஓடுறாரு, பஸ்ஸ உட்டுருவாரோ?"

அக்குறணையில் ஒரு மழை மாலை. ஜஸ்ஷா ஹைஃபெட்ஸின் பதிவைக் கேட்ட என் தம்பியின் தீர்ப்பு இது. அடுத்து, யெஹூதி மெனுஹினைப் பற்றிய கதையைச் சொல்லிவிட்டு அவருடைய பதிவைப் போட்டேன். "இதுதான் மனசால வாசிக்கிற" என்றான். ஒரே பைத்தை இருவர் ஓதினால் வேறுபாட்டை நம் காது உடனே பிடித்துவிடும். ஆனால் அன்று தீர்ப்புச் சொன்னது காதா, நான் சொன்ன கதையா?

நாங்கள் கேட்டது மெண்டல்சனின் ஈ மைனர் வயலின் கொன்சேர்ட்டோ. தனி வயலினுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதப்பட்ட இந்தப் படைப்பு 1845 மார்ச்சில் லைப்சிக் நகரில் அரங்கேறியது. மெனுஹினின் பதிவு 1952இல் ஃபுர்ட்வெங்லர் நடத்திய பேர்லின் குழுவோடு. ஹைஃபெட்ஸின் பதிவு 1959இல் சார்ல்ஸ் முன்ஷ் நடத்திய பொஸ்டன் குழுவோடு.

கதை இதுதான். மெண்டல்சன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தும் நாஜிகள் அவர் இசையைத் தடுத்தார்கள். 1936இல் லைப்சிக்கில் அவரது சிலையை அகற்றினார்கள். அந்த ஆட்சிக் காலத்தில் ஜேர்மனியிலேயே தங்கியிருந்த ஃபுர்ட்வெங்லரோடு, போர் முடிந்தபின் யூதரான மெனுஹின் சேர்ந்து வாசித்தார். தன் சமூகத்தில் பலரின் கோபத்துக்கு ஆளானார். 1991இல் இஸ்ரேலியப் பாராளுமன்றத்தில் நின்று ஆக்கிரமிப்பைக் கண்டித்தவரும் அவரே. நமக்கு அவரைப் பிடித்துப்போக இது போதும்.

ஆனால் ஹைஃபெட்ஸும் யூதர்தான். 1953இல் எதிர்ப்பை மீறி இஸ்ரேலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இசையை வாசித்ததற்காக ஜெரூசலத்தில் இரும்புக் கம்பியால் கையில் அடிபட்டார். கதையை வைத்துப் பார்த்தால் இருவருக்கும் துணிவு இருந்தது. ஆகவே இசைக்கே திரும்ப வேண்டும்.

முதற் பகுதிக்கு மெண்டல்சன் எழுதிய குறிப்பு, 'விரைவாக, மிகுந்த உணர்ச்சி பொங்க' என்ற பொருளுடையது. எனவே ஹைஃபெட்ஸின் ஓட்டம் அவசரமல்ல, எழுதியவருக்குக் காட்டும் பணிவு. அந்த ஓட்டத்தில் ஒரு சுரமும் மங்குவதில்லை. மெனுஹினின் வில்லோ சில இடங்களில் தடுமாறுகிறது.

இரண்டாவது மெட்டு வரும்போது நிலை மாறுகிறது. அதைக் குழற்கருவிகள் பாட, வயலின் தன் அடித்தந்தியில் ஒற்றைச் சுரத்தை நீட்டிப் பிடித்து அவற்றைத் தாங்குகிறது. பின்னர் தனிவாசிப்பின் முடிவில், வயலின் வில்லைத் துள்ளவிட்டுக்கொண்டிருக்க, முதல் மெட்டை இசைக்குழு எடுத்துக்கொள்கிறது. நாயகன் பின்னால் நகரும் இடங்கள் இவை. மெனுஹின் இங்கே ஒதுங்கி வழிவிடுகிறார். ஹைஃபெட்ஸின் வயலின் மைக்குக்கு மிக நெருக்கமாக ஒலிப்பதால், நகர வேண்டிய வேளையிலும் முன்னாலேயே நிற்கிறது.

என் தீர்ப்பு: ஓட்டத்துக்கு ஹைஃபெட்ஸ், வழிவிடுவதற்கு மெனுஹின்.

பெயரைப் பார்த்து ஆளை முடிவுகட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018 மார்ச்சில் திகனையில் கண்டவர்கள் நாம். லைப்சிக்கில் சிலையை அகற்றியவர்களும் காதால் கேட்டு முடிவெடுக்கவில்லை. நமக்குப் பிடித்தவருக்குக் கேட்காமலே சலுகை காட்டுவதும் அந்தப் பழக்கத்தின் இன்னொரு முகம்தான்.

மறுநாள் தம்பி ஹைஃபெட்ஸைத் திரும்பக் கேட்டான். "ஓடுறாருதான் நானா. ஆனா ஒரு எடத்துலயும் வழுக்கல்ல."