மேற்கே எழும் மேகம்

செயற்கை நுண்ணறிவு குறித்து ‘அந்திக்குவா எத் நோவா’ என்னும் ஏட்டைத் திருப்பீடம் 2025 சனவரி 28 அன்று, புனித தோமா அக்குவினாரின் திருநாளில் வெளியிட்டது. எந்திரத்தின் அறிவை மனித அறிவின் விளைபொருளாகவே கருதவேண்டும் என்று அது கூறுவது தெளிவானது. உடலும் உறவுமின்றித் தரவுகளால் மட்டும் கற்பது முழு அறிவாகாது என்பதும் ஏற்கத்தக்கதே. ஆயினும், மாறிவரும் சூழலை முன்கூட்டி உணர்வது எவ்வாறு என்ற வினாவில் அது நம்மைப் பசியோடு எழுப்பிவிடுகிறது.

லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில், மேற்கே மேகம் எழக் கண்டதும் மழை வரும் என்று சொல்லிவிடும் மக்களிடம் ஆண்டவர் பேசுகிறார். பாலஸ்தீனத்துக்கு மேற்கே கடல்; அக்கணிப்பு அங்கே பலிக்கும். கடமலைக்குண்டிலோ, ஆடி மாதம் மேகமலை முகட்டில் கருமுகில் கவிந்தாலும் மழையின் பெரும்பகுதி கேரளச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மழை மறைவிலுள்ள இவ்வூருக்குக் காற்றே மிச்சம். மூல வைகை பெருகுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். ஓரிடத்து வானத்தை மட்டும் கற்ற எந்திரம் இங்கும் அதே விடையைச் சொல்லக்கூடும். அதற்கு உடலில்லை என்ற ஏடு, ஊருமில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம்.

மேகமலைக்கு அப்பால் நடந்ததை நாமறிவோம். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிபட்ட அரிக்கொம்பன் யானையை, ரேடியோ காலர் பூட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் நகர வீதியில் நின்றது! யானை இருக்குமிடத்தைச் சொல்வது கருவியின் வேலை. அரிசிச் சுவை கண்ட விலங்கு அடுத்து எதை நாடும் என்பது அதன் கணக்கில் இல்லை.

மதுக்கரை ரயில் பாதையில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுக் கேமரா ஏற்பாட்டையும் இங்கே சொல்லாவிடில் நேர்மையாகாது. யானை தண்டவாளத்தை நெருங்குகிறதா என்ற ஒரே வினா அங்கே. அத்தகைய குறுகிய வினாவுக்கு எந்திரம் ஏற்றதே.

கம்பத்தில் எழுந்த வினா அவ்வளவு குறுகியதன்று. முன்மதியை எட்டுக் கூறுகளாக விரித்த அக்குவினார், முன்னோக்கையும் சூழ்நோக்கையும் தனித்தனியே வைத்தார். தன்னளவில் நன்றான செயலும் சூழலால் தீதாகலாம் என்று காண்பதே சூழ்நோக்கு. அவர் திருநாளில் வந்த ஏடு இப்பகுதியை விரித்திருந்தால், யானையைக் காட்டில் விடுவது நன்றே, ஆனால் எந்தக் காட்டில், எந்த ஊருக்கு அருகில் என்று கேட்க நமக்கு ஒரு சொல் கிடைத்திருக்கும்.