பக்கத்துத் திரையின் அதிர்வு: சென்னையும் கொழும்பும்

திரையரங்கின் முன்பக்க ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் உச்சத்தில் 105 டெசிபல் வரை ஒலிக்கும்படி அமைக்கப்படுகிறது. அடித்தொனிக்கான சப்வூஃபர் அதைவிட 10 டெசிபல் கூடுதல். பக்கத்து அரங்கிலோ, ஏசி இரைச்சலையும் சேர்த்து, பின்னணி ஒலி 35 டெசிபலைச் சுற்றியே இருக்க வேண்டும். ஏறத்தாழ 70 டெசிபல் வித்தியாசத்தை நடுச்சுவர் தாங்கியாக வேண்டும். புதுக் கட்டடத்தில் இதைத் திட்டமிட்டே கட்டலாம். பழைய கட்டடத்தில்தான் சிக்கல்.

இந்தியாவில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் அரங்கைப் பிரித்ததால் வந்தது. 1970இல் திறந்த சென்னை தேவி வளாகம் பல அரங்குகளுக்கென்றே கட்டப்பட்டது. ஆனால் 1997இல் டெல்லி அனுபம் ஒற்றைத் திரையரங்கு நான்கு திரைகளானது. தமிழ்நாட்டிலும் பால்கனியைத் தனித் திரையாக்கிய அரங்குகள் உண்டு. பழைய தளமும் உத்திரமும் புதுச் செங்கல் சுவரின் எடையைத் தாங்காது. அதனால் ஒன்றையொன்று தொடாத இரண்டு இரும்புச் சட்டங்கள், நடுவில் ராக்வூல் எனும் கல் இழைப் பஞ்சு, இருபுறமும் இரண்டு மூன்று அடுக்கு ஜிப்சம் போர்டு என்று லேசான தடுப்பு எழுப்புகிறார்கள். பேச்சுக் குரலை இது நன்றாகத் தடுக்கிறது. ஆனால் சப்வூஃபர் எழுப்பும் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அதற்கு முன்னால் போர்டு தானும் சேர்ந்து அதிர்கிறது.

இலங்கையில் சீமெந்துக் கல் சுவரே பொது வழக்கம். ஜிப்சம் போர்டும் ராக்வூலும் பெரும்பாலும் இறக்குமதி. 2022இல் ரூபாய் சரிந்தபோது அவற்றின் விலையும் ஏறியது. கனமான சுவர் அடித்தொனியை மேலாகத் தடுக்கும். ஆனால் எடையை இரட்டித்தால் கிடைப்பது சுமார் 6 டெசிபல்தான். இன்னும் 18 டெசிபல் வேண்டுமென்றால் எடை எட்டு மடங்காக வேண்டும். துளையுள்ள கல்லைப் பூசாமல் விட்டால் அதன் வழியாகவும் ஒலி கசியும்.

ஆகவே ஒருவரிடம் இருப்பது மற்றவருக்குத் தேவை. கொழும்பில் இருக்கும் கல் சுவரை மேல்தளம் வரை பூசி, அதைத் தொடாமல் இடைவெளி விட்டு, சென்னை முறையில் ஒரு போர்டுத் தடுப்பை நிறுத்தலாம். சென்னையில் கட்டமைப்புப் பொறியாளர் அனுமதிக்கும் அளவுக்குத் தடுப்பின் எடையையும் இடைவெளியையும் கூட்டலாம். சப்வூஃபரைப் பொதுச்சுவரில் பொருத்தாமல் ரப்பர் தாங்கிகள் மீது வைக்க வேண்டும்.

இரு நாட்டுக்கும் பொதுவான தவறுகள் சிறியவை, ஆனால் கேடு பெரிது. சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும். இரண்டு அரங்குக்கும் ஒரே ஏசி டக்ட் ஓடும். புரொஜெக்டர் அறை பொதுவாக இருக்கும். கதவின் அடியில் வெளிச்சம் தெரியும். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மிச்சம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. துணி போர்த்திய பேனல்கள் உள்ளே எதிரொலியைக் குறைக்கும். பக்கத்து அரங்கின் ஒலியை நிறுத்தாது.

ஒப்பந்தக்காரர் காட்டும் எஸ்.டி.சி. எனும் ஒலித்தடுப்புத் தர எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. அந்தக் கணக்கு 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே போவதில்லை. தொல்லையோ அதற்குக் கீழேதான். அரங்க உரிமையாளர்கள் செலவு செய்யும் முன் கடைசிக் காட்சிக்குப் பின் ஓர் அரங்கில் சோதனை ஒலியை ஓடவிட்டு, அடுத்த அரங்கில் 31.5 ஹெர்ட்ஸிலிருந்து அளந்து பார்க்க வேண்டும். முதலில் சந்துகளை அடைத்துவிடுங்கள், பிறகு சுவரைத் தொடுங்கள்.