திருக்குறளில் அளவு என்னும் கோட்பாடு: காம இன்பமும் உடல்நலமும்

முன்னுரை

தமிழ் இலக்கியம் காமத்தை இன்பம் என்று போற்றியும் நோய் என்று சுட்டியும் வந்துள்ளது. அகப்பாடல்களில் நோய் என்பது பிரிவாற்றாமை. பால்வினை நோய்களைக் கண்ட நகர வாழ்விலோ அச்சொல் தன் நேர்ப்பொருளையே பெற்றுவிட்டது. இன்பத்தை இழிவென ஒதுக்காமலும் தீங்கை மறைக்காமலும் ஒருவர் தம் அறிவு கொண்டு வகுத்துக்கொள்ளும் ஒழுக்கத்திற்குத் திருக்குறள் எவ்வளவு துணை செய்கின்றது, எவ்விடத்துக் குறைபடுகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சட்டம் வகுத்த ஒழுக்கம்

பெங்களூரின் காக்ஸ் டவுன் இவ்வாய்வைத் தொடங்குதற்கு ஏற்ற களமாகும். இது 1947 வரை ஆங்கிலேயரின் நேர் ஆட்சியில் இருந்த கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது. படைப்பணிக்கும் வணிகத்திற்கும் கூலித்தொழிலுக்கும் தமிழ் மாவட்டங்களிலிருந்து குடியேறியோரின் வழியினர் இப்பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். அருகிலுள்ள அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்டது.

இதே கண்டோன்மென்டில் 19ஆம் நூற்றாண்டில் ‘லாக் ஆஸ்பத்திரி’ என்னும் அமைப்பு இயங்கியது. படைவீரரை மேகநோயிலிருந்து காத்தல் அதன் நோக்கம். 1868ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் பரத்தையரைப் பதிவு செய்யவும், கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தவும், நோய் கண்டவரை அடைத்து வைக்கவும் வழிசெய்தது. 1888இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இன்பத்தை நாடியவன் ஆண்; சோதனைக்கும் சிறைக்கும் உள்ளானவள் பெண். ஒருவர் தம் செயலை எண்ணிப் பார்க்கும் கடமை இம்முறையில் ஆணுக்கு எழவேயில்லை. புறக்கட்டுப்பாடு அறிவொழுக்கத்தின் இடத்தை நிரப்பாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அளவு என்னும் இழை

வள்ளுவர் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்களை ஒதுக்கியுள்ளார். அவற்றுள் நோயச்சம் காட்டி இன்பத்தைத் தடுக்கும் குறள் ஒன்றும் இல்லை. உடல்நலம் பற்றிய சிந்தனை பொருட்பாலின் ‘மருந்து’ அதிகாரத்தில் அமைந்துள்ளது. இவ்விரு பகுதிகளையும் தனித்தனியே கற்பிப்பது வழக்கம். ஆயினும் இரண்டையும் இணைக்கும் இழை ஒன்று உண்டு.

‘மருந்து’ அதிகாரம் மிகுதியும் குறைவும் ஒருங்கே நோய் செய்யும் என்கின்றது. உணவின் அளவை அறிந்து உண்ணச் சொல்கின்றது. நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே செயற்படுமாறு பணிக்கின்றது. காமத்துப்பாலின் ‘புலவி’ அதிகாரமோ ஊடலுக்கு உணவிலிடும் உப்பை உவமை கூறி, அது சிறிது மிகினும் சுவை கெடும் என்கின்றது. ஈரிடத்தும் உணவே உவமைக் களம். ஈரிடத்தும் அளவே நெறி. உப்பின் அளவைச் சமைப்பவரே அறிவார்; வெளியிலிருந்து ஒருவர் விதிக்க இயலாது. காமத்தின் செவ்வியைத் தலைப்படுவோர் சிலரே என்று வள்ளுவர் கூறுவதும் இவ்வறிதிறனின் அருமை கருதியே எனலாம். எனவே அளவு என்பது இன்பத்தைக் குறைத்துக்கொள்ளும் துறவு நெறியன்று. இன்பத்தை நிலைபெறச் செய்யும் அறிவுத் தொழிலாகும்.

குறையும் மறுப்பும்

இந்நெறி ‘வரைவின் மகளிர்’ அதிகாரத்தில் தளர்கின்றது. பொருட்பெண்டிரை நாடுவோரை அறிவிலாதவர் என ஆடவர்மீதும் வள்ளுவர் பழி சுமத்துவது உண்மையே. எனினும் அப்பெண் அங்கு ஆணுக்கு நேரும் தீங்காக மட்டுமே தோன்றுகின்றாள். அவளுடைய உடலுக்கும் உயிருக்கும் நேரும் தீங்கு பேசப்படவில்லை.

இக்குறையைத் தந்தை பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலுடன் ஒப்பிட்டு நோக்கலாம். அதில் ‘வள்ளுவரும் கற்பும்’ என்ற பகுதி உண்டு. ஒழுக்கம் பற்றிய சொற்கள் பெண்ணையே சுடுவதைப் பெரியார் இடித்துரைக்கின்றார். கர்ப்பத்தடையைப் பிறர் உடல்நலம், வறுமை முதலிய காரணங்களால் ஆதரிக்க, அவர் பெண்ணின் விடுதலைக்காகவே அதனை வேண்டுகின்றார். வள்ளுவரின் அளவு, பெரியாரிடம் இருபாலர்க்கும் பொதுவான அளவாகின்றது.

இன்றைய உரைகல்

இவ்விரு சிந்தனைகளுக்கும் உரைகல்லாக வந்தது எச்.ஐ.வி. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா மேற்கொண்ட ஆய்வு, இந்தியாவில் இந்நோய்த்தொற்று இருப்பதை முதன்முதலில் வெளிப்படுத்தியது. தொற்று உறுதியானோர் பாலியல் தொழில் செய்த பெண்கள். அக்கண்டுபிடிப்பு பல உயிர்களைக் காக்க வழிசெய்தது. ஆயினும் நோயைக் கொணர்ந்தவள் பெண் என்னும் பழைய எண்ணம் மீண்டும் தலைதூக்கிற்று. அவர்களிடம் வந்து சென்ற ஆடவர் பெயரின்றி மறைந்தனர். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சோதனைக்கு உரியவரின் இசைவை வேண்டுகின்றது. லாக் ஆஸ்பத்திரியின் நெறிக்கு இது நேர்மாறானது.

இன்றைய மருத்துவமும் அளவின் மொழியையே பேசுகின்றது. ஆணுறை தொற்றின் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கும். தோல்வழிப் பரவும் நோய்களை முற்றும் தடுக்காது. தொற்றிய சில நாளில் செய்யும் சோதனை பொய்யான ஆறுதலைத் தரக்கூடும். முறையாக மருந்துண்டு, குருதியில் நச்சுயிரியின் அளவு கண்டறிய இயலாதவாறு குறைந்து அந்நிலை நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியே எச்.ஐ.வி. பரவுவதில்லை. ஆகவே ‘நல்லவர்க்கு நோய் வாராது’ என்பதும் ‘நோயுற்றவர்க்கு இன்பம் இல்லை’ என்பதும் ஒருசேரப் பொய்யாகின்றன. கூடுவதற்கு முன் தம் நிலையை அறிதல், அதனைத் துணைவரிடம் மறையாது உரைத்தல், துணைவரின் இசைவைப் பெறுதல் ஆகிய மூன்றும் அளவறிதலின் இன்றைய வடிவங்களாகும்.

முடிவுரை

வள்ளுவர் அளவைத் தந்தார். அவ்வளவை இருபாலர்க்கும் பொதுவாக்க வேண்டும் என்பதைப் பெரியார் உணர்த்தினார். அச்சத்தாலோ சட்டத்தாலோ மட்டும் நிலைபெறாத ஒழுக்கம், தன் இன்பத்தோடு பிறர் உடலையும் எண்ணும் அறிவால் நிலைபெறும். காமத்துப்பாலையும் ‘மருந்து’ அதிகாரத்தையும் வகுப்பறையில் ஒருங்கே வைத்துக் கற்பிப்பது இதற்கு நல்ல தொடக்கமாகும்.