வாகனமும் வாசகமும்

பழைய அமெரிக்க சொகுசுக் கார்களை நினைத்து உருகுகிறவர்களின் பேச்சைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் ஒன்று புலப்படும். காரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். சற்றைக்கெல்லாம் விளம்பரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எஞ்சின் விவரங்களை ஒப்பிக்கிறவர்கள் வேறு ரகம், அவர்களை விட்டுவிடலாம். மற்றவர்களுக்கு நினைவிருப்பது ஒரு பத்திரிகைப் பக்கம். மாலை வெளிச்சத்தில் ஒரு மாளிகை வாசல், படியிறங்கும் பெண்ணின் கையுறை, கீழே நாலைந்து வரி வசனம்.

டெட்ராயிட்டில் பேக்கார்ட் தொழிற்சாலை என்று ஒன்று இருந்தது. ஆல்பர்ட் கான் வடிவமைத்தது. 1950-களில் அங்கே கார் உற்பத்தி நின்றது. பிறகு பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்து, 2022-ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பேக்கார்ட் விளம்பரங்களுக்கு இந்தக் கதி நேரவில்லை. பழைய பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து, சட்டம் போட்டு விற்கிறார்கள். பேக்கார்டைக் கண்ணால் பார்த்திராதவர்களும் வாங்குகிறார்கள். அந்தப் பக்கங்களைப் பார்க்கிறபோது, அமெரிக்காவை அச்சில் மட்டும் அறிந்த எனக்கும் எதையோ இழந்துவிட்ட உணர்வு வருகிறது. என்னிடம் இல்லாதிருந்ததை நான் எப்படி இழந்தேன்?

விளம்பரம் பொய், கார் நிஜம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் சோம்பேறித்தனம். இந்த விளம்பரங்களில் மிகச் சிறந்தவற்றில் கார் கிடையாது என்பதையல்லவா முதலில் யோசிக்கவேண்டும்?

1915 ஜனவரி 2-ஆம் தேதி 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழில் தியோடர் மக்மேனஸ் எழுதிய விளம்பரம் ஒன்று வந்தது. தலைப்பு 'தலைமையின் தண்டனை' என்று பொருள்படும். காடிலாக் கம்பெனி அப்போதுதான் எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. மின்சார அமைப்பில் கோளாறுகள் வந்தன. போட்டியாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மக்மேனஸ் கோளாறுகளுக்குப் பதில் சொல்லவில்லை. காரின் படம் போடவில்லை. வசனத்தில் எஞ்சின் இல்லை, விலை இல்லை, காடிலாக் என்ற பெயர்கூட இல்லை. முன்னே நிற்பவன் மேல் பொறாமை பாயும் என்பதைப் பற்றிய ஒரு சிறு பிரசங்கம், அவ்வளவுதான். ஓவியர் விஸ்லர், சங்கீதக்காரர் வாக்னர், நீராவிப் படகு விட்ட ஃபுல்டன் மூவரும் சாட்சிக்கு வருகிறார்கள். மின்சாரக் கோளாறு மேதைமையின் துயரமாகிவிட்டது. (நம் சிறுபத்திரிகை எழுத்தாளர்களில் பாதிப்பேர் தங்களைப் பற்றி அந்தரங்கமாக நம்பிக்கொண்டிருப்பது இதே வசனத்தைத்தான். அவர்களிடம் விற்பதற்குக் காரும் கிடையாது.)

1923-ல் நெட் ஜோர்டன் இன்னும் துணிந்தார். ஜோர்டன் பிளேபாய் என்ற தன் காருக்காக அவர் எழுதிய 'லாரமிக்கு மேற்கே எங்கோ' விளம்பரத்தில் ஒரு பெண் வருகிறாள், முரட்டுக் குதிரையை அடக்கத் தெரிந்தவள். காற்று, வெயில், சமவெளி. கார் குதிரைக்குப் பக்கத்தில் ஓடும் இன்னொரு மிருகம். வாசகன் பெண்ணை விரும்புகிறானா, திசையை விரும்புகிறானா, காரையா என்று அவனுக்கே தெரியாதபடி வாக்கியங்கள் ஒன்றோடொன்று இழைகின்றன. இதில் இருக்கிற வேகமும் ஒலிக்கட்டுப்பாடும் புதுக்கவிதை என்ற பெயரில் நம்மிடையே வந்து விழுகிற பலவற்றில் இல்லை. கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஜோர்டன் கம்பெனி 1931-ல் மூழ்கிவிட்டது. விளம்பரம் இன்றும் வாசிக்கப்படுகிறது.

டியூசன்பெர்க் வசனத்தையும் சுருக்கியது. பெரிய பாய்மரப் படகின் சுக்கானைப் பிடித்து நிற்கும் ஒருவர். அல்லது தோட்டக்காரனோடு பேசிக்கொண்டிருக்கும் ஒரு சீமாட்டி. இவர் ஓட்டுவது டியூசன்பெர்க் என்று கீழே ஒற்றை வரி. காரின் அடிச்சட்டம் மட்டுமே 8,500 டாலர், உடலைத் தனியாகச் செய்வித்துக்கொள்ளவேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட அதை வாங்கக்கூடியவர் அல்ல. ஆனால் அந்த ஒருவர் வாங்கியது என்னவென்று மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவர் கொடுத்த பணத்துக்கு அர்த்தமில்லை.

சரி, இது கவிதையா? இந்தக் கேள்விக்கு ஃபோர்டு கம்பெனி தன்னையறியாமல் ஒரு பரிசோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. 1955-ல் வரவிருந்த ஒரு புதிய காருக்குப் பெயர் யோசித்துத் தரும்படி கவி மரியான் மூரை அது கேட்டுக்கொண்டது. மூர் காரியத்தைச் சிரத்தையாகவே செய்தார். 'இன்டெலிஜன்ட் வேல்', அதாவது புத்தியுள்ள திமிங்கிலம். கீரியையும் நாகரிகத்தையும் முடிச்சுப்போட்ட 'மங்கூஸ் சிவீக்'. கடைசியில் 'யுடோப்பியன் டர்ட்டில்டாப்', இலட்சிய உலகத்தின் ஆமையோடு. எல்லாவற்றையும் மரியாதையாக ஒதுக்கிவிட்டு, ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சலின் பெயரை வைத்தார்கள். 1957-ல் வந்த எட்சல் 1959-க்குள் நின்றுபோனது தனிக்கதை. மூரின் பெயர்களில் ஆமை ஆமையாகவே இருக்கிறது. காரும் தெரிகிறது, ஆமையும் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் மனசுக்கு ஒரு விளையாட்டு. ஜோர்டனின் பெண்ணுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. காருக்குள் கரைந்து மறைவதற்காகவே அவள் சிருஷ்டிக்கப்பட்டவள். சிரித்துக்கொண்டிருப்பவன் காசோலையில் கையெழுத்துப் போடுவதில்லை என்பது ஃபோர்டின் அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே தவணைக்கடனுக்கென்று தனிக் கம்பெனி தொடங்கிவிட்டது. வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கையுறைப் பெண் தவணைப் புத்தகத்தோடு படியிறங்குவதை எந்த ஓவியனும் வரையவில்லை.

வரையப்படாத வேறு பலரும் உண்டு. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் காடிலாக் பிரிவையே மூடிவிடலாமா என்ற யோசனை நடந்தது. அப்போது அங்கே ஸர்வீஸ் பகுதியைக் கவனித்துவந்தவர் நிக்கலஸ் டிரைஷ்டாட். பணமுள்ள கறுப்பர்கள் பலர் பழுதுபார்க்கக் கார் கொண்டுவருவதை அவர் கவனித்தார். கறுப்பர்களுக்கு விற்பதில்லை என்பது கம்பெனியின் கொள்கை. அவர்கள் ஒரு வெள்ளைக்காரருக்குக் கூலி கொடுத்து அவர் பெயரில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். டிரைஷ்டாட் மேலிடத்தில் வாதாடிக் கொள்கையை மாற்றினார், விற்பனை ஏறியது என்று பீட்டர் டிரக்கர் 1979-ல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1949-ல் 'எபனி' பத்திரிகை, கறுப்பர்கள் ஏன் காடிலாக் வாங்குகிறார்கள் என்று தலையங்கமே எழுதியது. நல்ல தெருவில் வீடு மறுக்கப்பட்டவன் அந்தத் தெரு வழியாகக் காடிலாக்கில் போகிறபோது, விளம்பரத்தின் அர்த்தம் அதை எழுதியவன் கையை மீறிப் போய்விடுகிறது. நாஸ்டால்ஜியாவில் உருகுகிறவர்கள் இந்த வாசிப்பைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. எனக்கு இந்த விளம்பரங்களுக்குக் கிடைத்த ஒரே விமர்சகன் அவன்தான் என்று தோன்றுகிறது.

எழுபதுகளில் விஷயம் வேறு தளத்துக்குப் போகிறது. காரே தன் விளம்பரமாகிவிட்டது. பெயர்களைப் பாருங்கள்: ப்ரூம், லாண்டோ. இரண்டும் பழைய குதிரைவண்டிகள். லாண்டோ வண்டியின் கூரை மடங்கும். அதற்காக வளைந்த இரும்புக் கம்பி இருந்தது. இந்தக் கார்களின் கூரை எஃகு, மடங்காது. ஆனாலும் மேலே வினைல் ஒட்டித் துணிக்கூரை மாதிரி காட்டினார்கள். சிலவற்றில் அந்தக் கம்பியையும் பக்கவாட்டில் ஒட்டிவைத்தார்கள். பின்தூணில் 'ஆபரா ஜன்னல்' என்று ஒரு குட்டி ஓவல் கண்ணாடி. 1975-ன் கிரைஸ்லர் கோர்டோபா காருக்காக நடிகர் ரிக்கார்டோ மொண்டல்பான் தன் வெல்வெட் குரலில் 'கொரிந்தியன் தோல்' என்று உச்சரித்தார். கொரிந்துக்கும் அந்தத் தோலுக்கும் சம்பந்தமில்லை. நியூ ஜெர்சியின் நெவார்க்கிலிருந்து வந்தது. விளம்பரக்காரர்கள் செய்த சொல் அது. ஆக, எழுபதுகளின் காருக்காக இன்று ஏங்குகிறவர் ஏங்குவது முப்பதுகளுக்கான ஒரு ஏக்கத்துக்காக. அந்த முப்பதுகளோ, நாம் பார்த்ததுபோல, காரில்லாத பக்கங்களாக இருந்தன.

1976-ல் காடிலாக், கூரை மடங்கும் கார்களில் அமெரிக்காவின் கடைசி இதுதான் என்று எல்டொராடோவை விற்றது. அந்த வருஷம் 14,000 கார்கள். கடைசி 200 வெள்ளை நிறத்தில், சிவப்பு நீலக் கோடுகளோடு. பலர் ஓட்டாமல் பத்திரப்படுத்தி வைத்தார்கள். 1984 மாடலாகக் காடிலாக் மறுபடியும் கூரை மடங்கும் எல்டொராடோவைக் கொண்டுவந்தது. கடைசிக் காரை வாங்கியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பத்திரப்படுத்திய அந்த வண்டிகள் இப்போதும் ஏலத்துக்கு வருகின்றன. மிகக் குறைந்த மைல்களே ஓடியது என்பதுதான் விற்கிறவர்கள் முதலில் சொல்லும் பெருமை.