திரும்பத் திரும்ப நிறையும் செல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. பல தெருக்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட இரவில்தான் டார்ச்சுக்குள் இருக்கும் விரல் அளவுச் செல்லின் அருமை தெரியும்.

நான் ரசிப்பது சார்ஜ் ஏறும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லை. புது அல்கலைன் செல் 1.5 வோல்ட்; இது 1.2 தான். ஆனால் அல்கலைனின் வோல்ட் பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும். இதுவோ தீரும் தறுவாய் வரை 1.2-ஐ ஒட்டியே நிற்கும். நூற்றுக்கணக்கான முறை மறுபடி நிரப்பலாம்.

முன்பெல்லாம் சும்மா வைத்தாலே சில மாதங்களில் சார்ஜ் வடிந்துவிடும். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனிலூப் செல்லைக் கொண்டுவந்து அந்தக் குறையைத் தீர்த்தது. ஓராண்டு பெட்டியில் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும்.

சுவர்க் கடிகாரத்துக்குச் சாதாரண செல்லே போதும். அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. டார்ச், பொம்மை கார், கேமரா ஃபிளாஷ் ஆகியவற்றுக்கே சார்ஜ் ஏறும் செல் ஏற்றது.

உப்பங்காற்று வீசும் நம் ஊரில் செல் மாட்டும் ஸ்பிரிங்கும் தகடும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். உழைத்து ஓய்ந்த செல்லைக் குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்குக் கொடுப்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை. ஐப்பசி மழைக்கு முன்பே நாலு செல்லைச் சார்ஜ் ஏற்றி வையுங்கள்.