சிவப்பு ஜன்னல்

பாளையம்பட்டியில் பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டிக்குள் ஒரு கேமரா இருந்தது. பரோடாவில் செய்த அக்ஃபா கிளிக் த்ரீ. தோல் உறை கருவாடாகக் காய்ந்திருந்தது. முதுகில் இருக்கும் சின்னச் சிவப்பு ஜன்னலைத் துடைத்துப் பார்த்தால் 8 என்று தெரிகிறது. ஏழு படம் எடுத்தாகிவிட்டது, பன்னிரண்டில் ஐந்து பாக்கி. பெரியப்பா போய்ச் சேர்ந்தது 1985ல்.

"இதுக்குப் புது ஃபிலிம் இப்பவும் கிடைக்குது பெரியம்மா. போட்டா ஓடும்" என்றேன்.

"புதுசு யாருக்கு வேணும்? உள்ள இருக்கத எடுத்துக் குடுய்யா."

அந்த வேலையாக அலைந்துகொண்டிருந்த வாரத்தில்தான் 'ஆன் இம்பாஸிபிள் ப்ராஜெக்ட்' என்ற ஆவணப்படத்தைப் பார்த்தேன். 2020ல் வந்தது, இயக்கியவர் யென்ஸ் மோய்ரர். 2008ல் போலராய்டு நிறுவனம் உடனடி ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துகிறது. நெதர்லாந்தில் என்ஷெடே என்ற ஊரில் இருந்த கடைசி ஆலையை மூடும் விழாவுக்குப் போன வியன்னாக்காரர் ஃப்ளோரியான் காப்ஸ், அங்கே ஆலை மேலாளர் ஆந்த்ரே போஸ்மனைச் சந்திக்கிறார். காய்லாங்கடைக்குப் போகவிருந்த எந்திரங்களை இருவருமாக வாங்கிவிடுகிறார்கள். காப்ஸ் அதற்கு முன்பு சிலந்தியின் கண்ணை ஆராய்ந்தவர். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் எந்த இயக்குநர் விடுவார்?

படம் அழகாக இருக்கிறது. டிஜிட்டலைத் திட்டும் படத்தை டிஜிட்டலில் எடுக்கக் கூடாது என்று 35 எம்எம் ஃபிலிமிலேயே எடுத்திருக்கிறார்கள், அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால், தொட்டுப் பார்க்க வேண்டும், முகர்ந்து பார்க்க வேண்டும், அசலின் மேல் காதல் வேண்டும் என்பதே கதையின் மையம். என் மனசு அதில் ஒட்டவில்லை. காதல் இருந்தால் ஃபிலிம் வந்துவிடுமா?

எந்திரம் கையில் இருந்தும் பழைய ஃபிலிமை அவர்களால் செய்ய முடியவில்லை. அதற்கான ரசாயனங்களைத் தந்தவர்கள் அவற்றைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். எனவே எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2010ல் வந்த முதல் ஃபிலிம், கேமராவிலிருந்து வெளியே வரும்போதே வெளிச்சம் படாமல் கையால் மறைக்க வேண்டிய நோஞ்சான் குழந்தை. வாடிக்கையாளர்கள் காசு கொடுத்துப் பரிசோதனை எலிகளாக இருந்தார்கள். படத்தின் நாயகர்கள் அந்த வேதியியல்காரர்கள்தான் என்பது என் கட்சி. கேமராவோ தொப்பி போட்ட கனவுக்காரரின் பின்னாலேயே போகிறது.

ஃபிலிம் செய்வது அப்பளம் இடுவது போலல்ல, இன்றைக்குப் பத்து, நாளைக்குப் பத்து என்று முடியாது. மீட்டருக்கு மேல் அகலமும் ஆயிரக்கணக்கான அடி நீளமும் உள்ள சுருளில், முழு இருட்டில், வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினை மயிரிழைக்கும் மெல்லியதாகப் பூச வேண்டும். ஒருமுறை எந்திரத்தை ஓட்டினால் மலை மாதிரி குவியும். வாங்குகிறவர் ஆயிரம் பேர் என்றால் யார் ஓட்டுவார்கள்?

அதனால்தான் ஒவ்வொரு அளவாகச் செத்தது. 1932ல் வந்த 620 ஃபிலிமை கோடக் 1995ல் நிறுத்தியது. ஃபிலிம் 120 அளவுதான், சுற்றுகிற குச்சி மட்டும் ஒல்லி. வைத்திருப்பவர்கள் இன்றும் போர்வைக்குள் கையை விட்டு, 120ஐ உருவி 620 குச்சியில் சுற்றிக்கொள்கிறார்கள். ஃபிலிமோடு ஒட்டிய காகிதம்கூடப் பெரிய விவகாரம். அதில் அச்சடித்த எண்தான் சிவப்பு ஜன்னலில் தெரிவது. 2016 வாக்கில் கோடக்கின் 120 சுருள்கள் சிலவற்றில் அந்த எண்கள் படத்தின் மேலேயே பதிந்து வந்தன. வானத்தில் 7 என்று எழுதியிருந்தால் எப்படி இருக்கும்!

பெரியப்பாவின் சுருள் ஊட்டியில் செய்தது. 'இந்து' என்று பெயர். மதமில்லை, நிலா. ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960ல் பிறந்து, பிரெஞ்சு நிறுவனமான போஷேயின் தொழில்நுட்பத்தோடு 1967ல் உற்பத்தி தொடங்கியது. தூசியில்லாத காற்று, குளிர் என்பதற்காக மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குளிரில் பிறந்த ஃபிலிம் எங்கள் கரிசலில் வந்து வெந்தது. கழுவுகிற மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது புத்தகம். சித்திரை மாதத்தில் எங்கள் பக்கம் குழாயைத் திறந்தால் காப்பியே போடலாம். ஸ்டுடியோக்காரர் ராத்திரியில் பானைத் தண்ணீரில் கழுவுவார், ஐஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ஜெலட்டின் சுருங்கி மணமகன் முகம் வெடித்த கண்மாயாகிவிடும்.

உலகம் கலருக்குப் போனபோதும் ஊட்டி கறுப்பு வெள்ளையையும் எக்ஸ்ரேயையும்தான் நம்பியிருந்தது. கடன் ஏறியது, 1996ல் நலிந்த நிறுவனம் ஆனது, பிறகு டிஜிட்டல் வந்து மிச்சத்தை முடித்தது. ஊட்டியைத் தேடி ஒரு காப்ஸ் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்? போலராய்டுக்கு ஏக்கப்பட உலகம் முழுக்கப் பணம் உள்ளவர்கள் இருந்தார்கள். இந்துவை வாங்கியவர்கள் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாங்கினார்கள். அவர்களுக்கு ஃபிலிம் ஒருநாளும் காதல் இல்லை, தேவை. இந்த வித்தியாசம் அந்த ஆவணப்படத்துக்குத் தெரியவே இல்லை.

மதுரையில் இன்னும் கையால் கழுவும் நண்பரிடம் சுருளைக் கொடுத்தேன். "நாப்பது வெயில் பாத்த சுருள், ஆசை வைக்காதீங்க" என்றார். ஆறு கட்டத்தில் வெறும் சாம்பல். நான்காவதில் மட்டும் மங்கலாக ஒரு கிணற்றுமேடு, யாரோ ஒரு பிள்ளை, முன்னால் தரையில் நீளமாக ஒரு நிழல். இந்த மாதிரிக் கேமராவில் சூரியனை முதுகில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். எடுப்பவரின் நிழல் படத்துக்குள் விழுந்துவிடும்.

பெரியம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார். "வேட்டிய மடிச்சுக் கட்டியிருக்காரு பாரு" என்றார்.

அப்புறம் கேட்டார்: "அஞ்சு படம் பாக்கி இருந்துச்சுன்னியே, அது என்னாச்சு?"