அண்டை வைத்த வரப்பு
திருவையாறு பக்கம் குறுவை நடவுக்கு முன் வயலோரம் நின்றால் ஒரு சத்தம் கேட்கும்: சளப், சளப். அண்டை வைக்கிறார்கள். வரப்பின் பக்கவாட்டில் புல்லைச் சீவி, சேற்றை மண்வெட்டியால் அள்ளி அப்பி, அதன் முதுகால் ஒரே இழுப்பில் வழித்துவிடும்போது ஈரமண் வெயிலில் மினுங்கும். நண்டு வளை இருந்த இடமே தெரியாது. அதை முன்பே குதிகாலால் மிதித்து அடைத்திருப்பார்கள். உள்ளே எவ்வளவு சேறு இறங்க வேண்டும் என்பது அந்தக் காலுக்குத்தான் தெரியும்.

குடமுருட்டி ஆற்றுத் தண்ணீரை வயலில் நிறுத்திவைப்பது இந்த நாலு விரல் கனச் சேறு. கயிறு பிடிக்காமலே அது நூல் போல ஓடுகிறது. மூலையில் மண்வெட்டி திரும்பும் லாவகம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சாயங்காலம், காயத் தொடங்கிய அண்டையில் ஒரு கொக்கின் கால்தடம் மட்டும் பதிந்திருக்கும்.